கண்ணசைவில் காதைப் படிக்கும் இடம்: ஒரு தலைச்சுற்றல் சிகிச்சைப் பிரிவு பற்றிய மதிப்புரை

படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் அறையே சுழல்கிறது என்று என் அம்மா முதன்முதலில் சொன்னபோது அவருக்கு வயது 66. அந்தச் சுழற்சி அரை நிமிடம்கூட நீடிப்பதில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு அஞ்சியே அவர் 14 மாதங்கள் இடப்பக்கமாக மட்டுமே படுத்தார். மேல் அலமாரியை அண்ணாந்து பார்ப்பதை விட்டார். இரவில் தனியாக எழுந்து போகத் தயங்கினார். இந்த இடைவெளியில் கழுத்துக்கு எக்ஸ்ரே, மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை என்று எல்லாமே எடுத்தாயிற்று. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒருவர் சொன்னார், இரத்த அழுத்தம் என்று இன்னொருவர் சொன்னார். தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரை மட்டும் எல்லா மருந்துச் சீட்டுகளிலும் மாறாமல் இடம்பெற்றது. எந்தப் பக்கம் படுத்தால் சுற்றுகிறது என்று அவரே தெளிவாகச் சொல்லியும், அவரை அந்தப் பக்கம் படுக்க வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அதைச் செய்தவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றில் தலைச்சுற்றலுக்கென்றே தனியாக இயங்கும் ஒரு பிரிவினர். அங்கே நாங்கள் ஓராண்டுக் காலத்தில் ஆறு முறை சென்று வந்திருக்கிறோம். அந்த அனுபவத்தையும், இத்தகைய பிரிவுகளில் இப்போது என்னென்ன செய்ய முடிகிறது என்பதையும், அங்கு எனக்குக் குறையாகப் பட்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வசதிகள் உள்ள பிரிவு எங்கிருந்தாலும், அதில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெறலாம் என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பவருக்குப் பயன்படும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் வருகை அதனாலேயே பாதி வீணாயிற்று. முன்பதிவு செய்தபோது, தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளைப் பரிசோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், அதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்து மூளைக்குப் போகும் சமிக்ஞையை மங்கச் செய்வதே அந்த மாத்திரைகளின் வேலை. அதே சமிக்ஞையை அளக்க வருகிறவர் அவற்றை விழுங்கிவிட்டு வந்தால் கண்ணசைவுப் பதிவை நம்ப முடியாது. மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்று அறிந்ததும் கருவிச் சோதனையை நான்கு நாட்களுக்குத் தள்ளிவைத்தார்கள். நடக்கவே அஞ்சும் ஒருவரை இரண்டாம் முறை அழைத்து வருவது எளிதன்று. ஒரு குறுஞ்செய்தி போதுமாயிருந்தது. மூன்றாவது வருகையின்போதும் பக்கத்து இருக்கைக்காரர் இதே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்தேன். ஆகவே இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த தவறு அல்ல.

எனினும் அந்த முதல் நாள் முற்றிலும் வீண் போகவில்லை. மருத்துவர் எந்தக் கருவியையும் தொடாமல் இருபது நிமிடங்களுக்கு மேல் கேள்வி மட்டுமே கேட்டார். எப்படிச் சுற்றுகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எது தூண்டுகிறது என்பதில்தான் அவர் கவனம் முழுதும் இருந்தது. காரணத்தை நான் கேட்டதும் பொறுமையாக விளக்கினார். சில நொடிகள் மட்டுமே நீடித்து, தலையை அசைக்கும்போது மட்டும் வருவது ஒரு வகை. இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் வரை நீடித்து, ஒரு காதில் இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். நாட்கணக்கில் விடாமல் சுற்றி, நிற்கவே முடியாமல் போனால் சமநிலை நரம்பின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலைவலியே இல்லாமலும் சுற்றல் வரக்கூடும். அதன்பின், பேச்சுக் குழறியதா, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்ததா, முகமோ கையோ மரத்ததா, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்திருந்தால் எங்களை அவசரச் சிகிச்சைக்கு அனுப்பியிருப்பேன் என்றார். பதினான்கு மாதங்களில் முதன்முறையாக, தன் நோயைத் தன் வாயால் முழுமையாகச் சொல்லி முடிக்கும் வாய்ப்பு அம்மாவுக்குக் கிடைத்தது.

நான்கு நாட்கள் கழித்து நடந்த பரிசோதனைதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. நீச்சல்காரர் அணிவது போன்ற, வெளிச்சம் சிறிதும் புகாத ஒரு கண்ணாடியை அம்மாவுக்கு மாட்டினார்கள். அதனுள் இருக்கும் அகச்சிவப்புக் கேமரா, இருட்டில் கண் அசைவதைப் படம்பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டுகிறது. இருட்டு எதற்கு என்றால், கண்ணுக்கு ஏதேனும் ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் அது அந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு தன் துடிப்பை அடக்கிவிடக்கூடும். பார்க்க ஒன்றுமில்லாத இருட்டில் உட்காதின் கோளாறு ஒளிய இடமில்லாமல் கண்ணில் வெளிப்படுகிறது. காது நோய்க்குக் கண்ணை ஏன் பார்க்க வேண்டும் என்ற ஐயம் அப்போதே எனக்குத் தீர்ந்தது. தலை அசையும்போது பார்வை கலையாமல் இருக்க, தலையின் சுழற்சியை உணரும் உட்காதின் அரைவட்டக் குழாய்கள் கண் தசைகளுக்கு நொடிக்கு நொடி ஆணையிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆணையில் பிழை நேர்ந்தால் கண் தவறான திசையில் நகரும்.

முதலில் தலையைச் சிறு கோணத்தில் சட்டென்று திருப்பிப் பார்க்கும் சோதனை நடந்தது. ஹால்மாகி, கர்தாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் விவரித்த இந்தச் சோதனையை முன்பெல்லாம் மருத்துவர் தன் வெறுங்கண்ணால் கணிக்க வேண்டியிருந்தது. இப்போது அதிவேகக் கேமரா, தலை எவ்வளவு திரும்பியது, கண் அதற்கு எவ்வளவு ஈடுகொடுத்தது என்று இரு கோடுகளாக வரைந்து காட்டிவிடுகிறது. காதுக்கு மூன்றாக உள்ள ஆறு அரைவட்டக் குழாய்களையும் இப்படித் தனித்தனியே அளக்கலாம். அம்மாவுக்கு ஆறும் நன்றாக வேலை செய்தன. இங்கே மருத்துவர் சொன்ன ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு இந்தச் சோதனையில் கோளாறு தெரிந்தால் சற்று நிம்மதி, ஏனென்றால் கோளாறு காதில் இருக்க வாய்ப்பு அதிகம். அதே நோயாளிக்குச் சோதனை முற்றிலும் சரியாக இருந்தால்தான் மூளையில் பக்கவாதம் இருக்குமோ என்று கவலைப்பட வேண்டும். தலை திருப்பும் சோதனையோடு இன்னும் இரண்டு கண் சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், சுற்றல் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாட்களில் எம்ஆர்ஐ ஸ்கேன் தவறவிடும் பக்கவாதத்தைக்கூடப் பயிற்சி பெற்றவர் கண்டுகொள்ள முடியும் என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அம்மாவுக்கு விட்டுவிட்டு வரும் சுற்றல் என்பதால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

பிறகு, அம்மா பதினான்கு மாதங்களாகத் தவிர்த்து வந்ததைச் செய்யச் சொன்னார்கள். கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தோள்களைப் பிடித்துக்கொண்டு விரைவாக மல்லாக்கச் சாய்த்தார்கள். தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கியது. இது டிக்ஸ், ஹால்பைக் இருவரும் 1952இல் விவரித்த சோதனை. மூன்று நொடிகள் வரை திரையில் கண் அசையாமல் இருந்தது. பின்னர் கருவிழி மேல்நோக்கித் துடித்துக்கொண்டே, ஒரு சக்கரத்தைத் திருகுவது போல வலக்காதை நோக்கிச் சுழலத் தொடங்கியது. அம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டு "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்றார். மருத்துவர் குனிந்து, "தெரிகிறதம்மா, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணை மட்டும் மூடாதீர்கள், இதோ நின்றுவிடும்" என்றார். இருபத்தைந்து நொடிகளுக்குள் துடிப்பு தேய்ந்து நின்றது. தான் படும் பாட்டை இன்னொருவரும் அதே கணத்தில் பார்க்கிறார் என்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த அறையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதுவரை அவருடைய சுற்றல் அவர் சொல்லில் மட்டுமே இருந்தது. சிலர் அதை மனப்பதற்றம் என்றுகூடச் சொல்லியிருந்தார்கள்.

உட்காதில் யூட்ரிக்கிள் என்ற சிறு பையில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் எடையைக் கொண்டுதான் புவியீர்ப்பின் திசையை நாம் உணர்கிறோம். வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, பல வேளைகளில் காரணம் தெரியாமலோ, சில துகள்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையைச் சாய்க்கும்போது அவை குழாய்க்குள் உருண்டு திரவத்தை அசைக்க, தலை நின்ற பிறகும் சுழல்வதாக மூளை நம்புகிறது. துகள்கள் நகரத் தொடங்கச் சில நொடி ஆவதால்தான் துடிப்பு தாமதித்து வந்தது. அவை அடியில் தங்கியதும் தானாகவே நின்றது. பிபிபிவி (தலையின் நிலை மாறும்போது சட்டென்று வந்துபோகும், ஆபத்தில்லாத சுற்றல்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோய் எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ தெரியாது. 2017இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல், வேறு அறிகுறிகள் இல்லாதபோது இந்த நோய்க்கு ஸ்கேன் வேண்டாம் என்றும், தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. எங்கள் பதினான்கு மாதக் கோப்பில் இருந்தவை அந்த இரண்டும்தான்.

சிகிச்சையும் அதே கட்டிலில், அதே அமர்வில் தொடர்ந்தது. தொங்கும் நிலையிலிருந்து தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு உடலையும் இடப்பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்க இன்னொரு நிமிடம். பிறகு கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்தார்கள். வளைந்த குழாய்க்குள் சிக்கிய மணியை, குழாயைத் திருப்பித் திருப்பியே வாசல் வழியாக வெளியே உருட்டுவது போன்றது இது. இந்த முறையை வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி. மருந்தும் கத்தியும் இல்லாமல் தலையைத் திருப்பியே குணப்படுத்துவதாக அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் நெடுநாள் ஏற்கவில்லை. அவருடைய கட்டுரை அச்சேறியது 1992இல்தான். பத்து நிமிடத்துக்கும் குறைவான இந்த வேலை பெரும்பாலோரை ஒன்று முதல் மூன்று அமர்வுகளுக்குள் குணமாக்கிவிடுகிறது. அம்மாவுக்கு இரண்டு தேவைப்பட்டன. முதல் அமர்வு முடிந்ததும் அவருக்கு வாந்தி வந்தது. அப்படி நேரலாம் என்று முன்பே சொல்லி, வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒரு பையாவது வைத்திருக்கலாம். அன்றிரவு உட்கார்ந்தே தூங்க வேண்டுமோ என்று கேட்டேன். அந்தப் பழைய கட்டுப்பாட்டால் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது, வழக்கம்போலப் படுக்கலாம் என்றார் மருத்துவர்.

செய்யாமல் விட்ட சோதனை ஒன்றையும் பாராட்ட வேண்டும். காதுக்குள் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் மாறி மாறிச் செலுத்திக் கண்ணைப் பார்க்கும் சோதனை அங்கே உண்டு. நோயாளிகளின் காதைக் கழுவும்போது நீர் அதிகமாகக் குளிர்ந்தாலும் அதிகமாகச் சூடானாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து, அதிலிருந்து இந்தச் சோதனையை உருவாக்கிய ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தலைச்சுற்றல் மருத்துவத்தின் அடித்தளமே அந்தச் சோதனைதான் என்றாலும், காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்ட பிறகு அம்மாவை மேலும் வருத்த வேண்டியதில்லை என்று அதைத் தவிர்த்தார்கள். கட்டணப் பட்டியலில் இருக்கும் ஒரு சோதனையைத் தேவையில்லை என்று அவர்களே அடித்துவிட்டது அந்தப் பிரிவின் மீது எனக்கு நம்பிக்கையை வளர்த்தது.

சுற்றல் நின்ற பிறகு கேள்வித்திறனின் பக்கம் கவனம் திரும்பியது. வழக்கமான நடைமுறையாக எடுத்த ஆடியோகிராம் என்ற கேள்வித்திறன் வரைபடத்தில், 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரு காதுகளிலும் கோடு ஒரேபோலச் சரிந்திருந்தது. 4000 ஹெர்ட்ஸில் ஒலி 55 டெசிபல் அளவுக்கு உயர்ந்த பிறகே அம்மாவுக்குக் கேட்டது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலிப்பவை. 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெய்யொலிகள் உயர்ந்த அதிர்வெண்ணில் மெல்ல ஒலிப்பவை. அதனால்தான் "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்று புரியவில்லை" என்று அம்மா சொல்லி வந்தார். நாங்களோ கவனக்குறைவு என்று எண்ணி அவரிடம் கத்தினோம். கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய்யொலி தெளிவதில்லை. இதைக் காதுகேட்பியல் நிபுணர் ஒரு தாளில் வரைந்து காட்டியபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று.

காது கேட்கும் கருவியைப் பொருத்திய விதத்தில் இந்தப் பிரிவுக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். முதல் நாள் கணினியோடு இணைத்து, தயாரிப்பாளரின் மென்பொருள் பரிந்துரைத்த அளவையே வைத்து அனுப்பிவிட்டார்கள். மெய்யொலிகள் அப்போதும் அம்மாவுக்குத் தெளியவில்லை. காதுக்குள் அளக்கும் முறை ஒன்று உண்டு என்று நான் படித்திருந்ததால், அடுத்த முறை அதைக் கேட்டேன். தயக்கமில்லாமல் செய்தார்கள். மென்மையான ஒரு நுண்குழாயைச் செவிப்பறைக்கு அருகே வரை செலுத்தி, கருவியையும் மாட்டி, பேச்சொலியை இயக்கி, செவிப்பறையை உண்மையில் எவ்வளவு ஒலி எட்டுகிறது என்று அளந்தார்கள். காதுக்குழாயின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், கணினி ஊகிக்கும் அளவும் காதில் விழும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அம்மாவுக்கு 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் தேவையானதைவிடத் தெளிவாகவே குறைவு. சரிசெய்ததும், அறையின் மறுகோடியில் நின்ற செவிலியர் தணிந்த குரலில் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். கருவி இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்கிறார். கேட்டால்தான் செய்வோம் என்பது ஏற்கத்தக்கதல்ல. யார் எங்கே கருவி வாங்கினாலும் இந்த அளவீட்டைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அறிக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆறு பக்க அறிக்கையில் பாதிக்கு மேல் சுருக்கெழுத்துகளும் வரைபடங்களும்தான். மருத்துவர் வாய்மொழியாக அவ்வளவு அழகாக விளக்கியதில் நான்கு வரியையாவது எளிய மொழியில் கடைசிப் பக்கத்தில் சேர்த்தால், வேறு மருத்துவரிடம் போகும்போது நோயாளியே தன் நிலையைச் சொல்லிக்கொள்ள முடியும்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு சுற்றல் மீண்டும் வந்தது. இந்த நோய் திரும்பக்கூடியது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வைட்டமின் டி அளவும் பார்த்து, குறைவாக இருந்ததால் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தக் குறைவை ஈடுசெய்தால் மீண்டும் வருவது குறைகிறது என்று 2020இல் வெளியான கொரிய ஆய்வொன்று காட்டியிருப்பதே அதற்குக் காரணம். குறைகிறதே தவிர, அறவே தடுப்பதில்லை. தொலைபேசியில் சொன்ன அன்று மாலையே வரச் சொன்னார்கள். இந்த முறை எந்த மாத்திரையும் சாப்பிடாமல் வருமாறு அவர்களே நினைவூட்டியதையும் குறிப்பிட வேண்டும். போன முறை போலவே தலையைத் திருப்பிவிட்டால் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். மருத்துவர் அப்படி எண்ணவில்லை. கண்ணாடியை மாட்டி, முதலிலிருந்து தொடங்கினார். கண் இந்த முறை மேலே திருகவில்லை. மல்லாந்து படுத்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பியபோது கிடைமட்டமாகத் துடித்தது. வலப்பக்கம் திரும்பியபோது துடிப்பு அதிகமாகவும், இடப்பக்கம் திரும்பியபோது குறைவாகவும் இருந்தது. துகள்கள் இப்போது கிடைமட்டக் குழாயில் இருந்தன. அங்கே எப்லி முறை பலன் தராது. அதற்குப் பதில் அம்மாவைப் படுத்தபடியே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, கால் வட்டம் கால் வட்டமாக முழுச் சுற்று உருட்டினார்கள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்தபோது திரையில் கண் அசையாமல் நின்றது. அன்றிரவு அம்மா வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கினார்.